ஒன்றரை நிமிடம்: போலீஸ் மீதான நம்பிக்கை எங்கே உருவாகிறது, எங்கே உடைகிறது

1833ஆம் ஆண்டு மே 13. லண்டனில் கோல்ட் பாத் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் தொழிலாளர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. அரசு தடை விதித்திருந்த கூட்டம். போலீஸ் தடியோடு உள்ளே புகுந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் ராபர்ட் கல்லி என்ற கான்ஸ்டபிள் கத்திக்குத்து பட்டு இறந்துபோனார். மரண விசாரணைக்குச் சாதாரணக் குடிமக்களைத்தான் ஜூரிகளாக உட்கார வைத்தார்கள். அவர்கள் சொன்ன தீர்ப்பு, இது நியாயமான கொலை என்பது. கலைந்துபோகச் சொல்லி முறையாக எச்சரிக்கவில்லை, போலீஸ் நடந்துகொண்ட விதம் மூர்க்கமானது என்று காரணமும் எழுதிக் கொடுத்தார்கள். மேல் நீதிமன்றம் பிறகு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் ஊர் அந்த ஜூரிகளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. விருந்து வைத்தார்கள், நினைவுப் பதக்கம்கூட அடித்தார்கள்.

மக்கள் சம்மதத்தோடு நடக்கும் காவல் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் உதாரணம் காட்டுவது இதே லண்டன் போலீஸைத்தான். 1829ல் உள்துறை அமைச்சராக இருந்த ராபர்ட் பீல் கொண்டுவந்த சட்டத்தால் பிறந்த படை அது. கல்லி செத்தபோது அதற்கு நான்கு வயதுகூட முடியவில்லை. பீல் பெயரில் ஒன்பது கொள்கைகள் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, 'போலீஸே மக்கள், மக்களே போலீஸ்' என்ற வாசகம் உட்பட. அவற்றை பீல் எழுதியதற்கு ஆதாரம் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் போலீஸ் வரலாறு எழுதியவர்கள் தொகுத்து அவர் தலையில் ஏற்றிய பட்டியல் அது.

அந்தப் படையின் முதல் இரண்டு கமிஷனர்கள், சார்லஸ் ரோவனும் ரிச்சர்ட் மேனும், செய்த வேலை இவ்வளவு அழகாக இருக்கவில்லை. ராணுவத்தின் சிவப்பு உடை மக்களுக்குப் பயத்தைக் கொடுக்கும் என்று நீலக் கோட்டு கொடுத்தார்கள். கையில் துப்பாக்கி இல்லை, ஒரு மரத்தடியும் கூப்பிடுவதற்கு ஒரு கிலுகிலுப்பையும்தான். குடித்துவிட்டு வந்தவனைத் தயவு பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். எண் 1 கொடுக்கப்பட்ட கான்ஸ்டபிளே வேலையில் சேர்ந்த சில மணி நேரத்தில் குடிக்காக வேலையை இழந்தவர்தான். இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொருவன் கழுத்துப்பட்டியிலும் ஒரு எண்ணைப் போட்டார்கள். அடித்தவன் யார், மிரட்டியவன் யார் என்று பெயர் தெரியாவிட்டாலும் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். என்னைக் கேட்டால், ஒன்பது கொள்கைகளைவிட அந்த எண்தான் அதிக வேலை செய்திருக்கும்.

அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம். போலீஸ் மீதான நம்பிக்கை பற்றிய பேச்சு பெரும்பாலும் நல்லுறவு, புன்னகை, விளையாட்டுப் போட்டி, பள்ளிக்கூட விழா என்றே சுற்றுகிறது. ஆய்வுகளும் அனுபவங்களும் வேறு இடத்தைக் காட்டுகின்றன. தெருவில் நடக்கும் சில நிமிடச் சந்திப்பு ஒரு இடம். அந்தச் சந்திப்பு கெட்டுப்போனால் போய்ச் சொல்ல ஆள் இருக்கிறதா என்பது இன்னொரு இடம்.

முதலில் நம்பிக்கை என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் வருவார்களா, வந்தால் வேலை தெரியுமா என்பது ஒரு நம்பிக்கை. ஆளைப் பார்த்து நடத்துவார்களா, எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துவார்களா என்பது வேறு. இவர்கள் நம் பக்கமா, இல்லை யாரோ மேலே இருப்பவர்களின் ஆட்களா என்பது மூன்றாவது. ஒருவருக்கு முதல் நம்பிக்கை முழுசாக இருக்கும், மூன்றாவது துளியும் இருக்காது. திருடனைப் பிடித்துவிடுவார்கள், ஆனால் நான் அவர்கள் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறவர் எத்தனையோ பேர். 'எதுக்கு வம்பு' என்ற இரண்டு சொல்லுக்குள் இந்த அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கருத்துக்கணிப்பில் 'போலீஸை நம்புகிறீர்களா' என்று கேட்டால் வரும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததும் இதனால்தான். பதில் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வருடத்தில் போலீஸோடு எந்தத் தொடர்பும் இருந்திருக்காது. அவர்கள் சொல்வது செய்தியில் பார்த்ததை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை. பயந்த ஊரில் 'ஆம்' என்ற பதிலுக்கு என்ன மதிப்பு என்பதும் கேள்விதான். புகார்களின் எண்ணிக்கையிலும் இதே சிக்கல். புகார் கூடினால் குற்றம் கூடியது என்று தலைப்புச் செய்தி வரும். இதுவரை வாயைத் திறக்காதவர்கள், குறிப்பாக வீட்டுக்குள் அடிபடும் பெண்கள், முதல்முறையாக ஸ்டேஷன் படி ஏறத் துணிந்ததன் கணக்காகவும் அது இருக்கலாம்.

அமெரிக்கச் சமூக உளவியலாளர் டாம் டைலர் 1984ல் சிகாகோவில் ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு கேள்வியைத் துருவிப் பார்த்தார்: மக்கள் சட்டத்துக்கு ஏன் கட்டுப்படுகிறார்கள்? தண்டனைக்குப் பயந்துதான் என்பது பொதுவான எண்ணம். அவருக்குக் கிடைத்த பதில் வேறு. இவர்களுக்கு என்னை நிறுத்திக் கேட்க உரிமை உண்டு என்று மனதார ஒப்புக்கொண்டவர்கள்தான் அதிகம் கட்டுப்பட்டார்கள். அந்த ஒப்புதல் எங்கிருந்து வந்தது என்று தோண்டினால், அபராதம் விழுந்ததா விழவில்லையா என்பதைவிட, நடத்திய விதம்தான் முன்னால் நின்றது. என் தரப்பைச் சொல்லவிட்டார்களா, எல்லோருக்கும் ஒரே அளவுகோலா, மரியாதையாகப் பேசினார்களா, என் நல்லதையும் யோசித்தார்களா. இதற்கு நடைமுறை நியாயம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பைக் திருட்டுப் புகாரை எடுத்துக்கொள்வோம். பறிகொடுத்தவர் வருகிறார். மேசைக்குப் பின்னால் இருப்பவர் தலையை நிமிர்த்தாமலே, 'பூட்டினீங்களா? எங்க நிறுத்தினீங்க? அங்க ஏன் நிறுத்தினீங்க?' என்று கேட்டால், மூன்றாவது கேள்வியில் பறிகொடுத்தவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். அதே ஆள் ஒரு நாற்காலியைக் காட்டி, சொல்வதை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, புகார் எண்ணைக் கொடுத்து, 'கிடைப்பது கஷ்டம், ஆனாலும் பத்து நாளில் நானே கூப்பிடுகிறேன்' என்று சொல்லி, பதினொன்றாம் நாளாவது கூப்பிட்டுவிட்டால் போதும். பைக் கிடைக்காது. ஆனாலும் அந்த மனிதர் பத்துப் பேரிடம் நல்லதாகச் சொல்வார்.

இதைச் சோதனையாகவே செய்து பார்த்த இடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. அங்கே சாலையில் வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநர் குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்ப்பது சாதாரணம். வழக்கமான சோதனை சில நொடியில் முடிந்துவிடும்: நிறுத்து, ஊது, போ. 2009, 2010ஆம் ஆண்டுகளில் 60 சோதனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதியை வழக்கம்போல விட்டார்கள். மீதிப் பாதியில் போலீஸ்காரர் கையில் ஒரு சிறிய உரையைக் கொடுத்தார்கள். உங்களைச் சந்தேகப்பட்டு நிறுத்தவில்லை, ஆள் பார்க்காமல், வருகிற வண்டிகளில் ஏதோ ஒன்றை இப்படித்தான் நிறுத்துகிறோம். கடந்த ஆண்டு இந்த மாநிலச் சாலைகளில் இத்தனை பேர் இறந்தார்கள். ஒரு வீட்டுக் கதவைத் தட்டி உங்கள் ஆள் இறந்துவிட்டார் என்று சொல்வதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமான பகுதி. உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா? இவ்வளவுதான். எல்லாம் சேர்த்துச் சுமார் ஒன்றரை நிமிடம் ஆனது. பிறகு தபாலில் அனுப்பிய கேள்வித்தாளுக்குப் பதில் போட்டவர்களில், ஒன்றரை நிமிடம் நிறுத்தப்பட்டவர்கள்தான் போலீஸைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள். அதிக நேரம் காக்க வைத்தவர்கள் மேல் மரியாதை கூடியிருக்கிறது!

சரி, அப்படியானால் எல்லோருக்கும் ஒரு உரையை அச்சடித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? ஸ்காட்லாந்தில் முயன்று பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே மாதிரி சாலைச் சோதனை, அதே மாதிரிப் பேச்சு. முடிவு தலைகீழாக வந்தது. புதிய முறையில் நடத்தப்பட்ட ஓட்டுநர்களின் திருப்தி குறைந்துபோயிருந்தது. ஆய்வாளர்களே திகைத்து, என்ன தப்பு நடந்தது என்று அந்தக் காவலர்களிடம் போய்ப் பேசினார்கள். 2013 ஏப்ரலில்தான் ஸ்காட்லாந்தின் எட்டுப் படைகளை ஒன்றாக இணைத்திருந்தார்கள். மேலே என்ன நடக்கிறது என்று கீழே யாருக்கும் தெரியாது. கருத்துக் கேட்கவில்லை, விளக்கவில்லை. உத்தரவு மட்டும் வந்தது. அந்த மனநிலையில் இருப்பவர்கள் கையில், 'மக்களிடம் விளக்கமாகப் பேசு, அவர்கள் கருத்தைக் கேள்' என்று ஒரு தாளைத் திணித்தால் எப்படிப் பேசுவார்கள்? ஒப்பிக்கிறார்கள் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியாமலா போகும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் அடிக்கடி தாண்டிப் போய்விடும் இடம் இது. மற்ற அலுவலகங்களில் முடிவெடுக்கும் அதிகாரம் மேலே போகப் போகக் கூடும். போலீஸில் அது தலைகீழ் என்று 1960களிலேயே அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் க்யூ. வில்சன் சொன்னார். விடுவதா பிடிப்பதா, திட்டுவதா எச்சரிப்பதா, அடிப்பதா பேசுவதா என்பதை நடுராத்திரியில் தனியாக முடிவெடுப்பது கடைசிப் படியில் இருக்கும் கான்ஸ்டபிள். அவருக்கு லீவு எப்போது கிடைக்கும், இடமாற்றம் எதனால் வந்தது, அதிகாரி ஏன் எல்லோர் முன்னாலும் திட்டினார் என்பதற்கெல்லாம் விளக்கம் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் நின்று, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே கிடைக்காத ஒருவரிடம், முன்பின் தெரியாதவரின் தரப்பைப் பொறுமையாகக் கேள் என்கிறோம். சிலர் கேட்கிறார்கள், அது அவர்களுடைய பெருந்தன்மை. ஆனால் ஒரு துறையைப் பெருந்தன்மையை நம்பி நடத்த முடியாது.

அடுத்தது கணக்கு. வெஸ்லி ஸ்கோகன் என்ற ஆய்வாளர் பல நகரங்களின் கருத்துக்கணிப்புகளை எடுத்துவைத்து, போலீஸோடு நல்ல அனுபவம் எவ்வளவு ஏற்றுகிறது, கெட்ட அனுபவம் எவ்வளவு இறக்குகிறது என்று 2006ல் கணக்குப் போட்டார். கெட்டதன் எடை நல்லதைவிட 4 முதல் 14 மடங்கு. நல்ல அனுபவத்தின் ஏற்றம் பல இடங்களில் கண்ணுக்கே தெரியவில்லை. இது எல்லோருக்கும் உள்ளூரத் தெரிந்த விஷயம்தான். மரியாதையாக நடத்தினால் அது அவர்கள் வேலை என்று போய்விடுகிறோம். 'டேய்' என்று கூப்பிட்டால் இருபது வருடம் கழித்தும் பிள்ளைகளிடம் சொல்கிறோம்.

இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால் அதன் விளைவையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்லுறவு நிகழ்ச்சிகளால் கெட்ட சந்திப்புகளை ஈடுகட்ட முடியாது, விகிதம் கட்டுப்படியாகாது. தேவையில்லாத சந்திப்புகளைக் குறைப்பதும், அந்தச் சிலவற்றில் கெடுபவற்றை உடனே கவனிப்பதும்தான் வழி.

1981 ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டனில் நடந்தது அதற்கு நேர் எதிர். வழிப்பறியைத் தடுக்கிறோம் என்று 'ஸ்வாம்ப் 81' என்ற பெயரில் சாதாரண உடையில் போலீஸ்காரர்களை இறக்கி, ஒரு வாரத்துக்குள் 900க்கும் மேற்பட்டவர்களை நிறுத்திச் சோதனை போட்டார்கள். பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கைது செய்யும்படி எதுவும் செய்யவில்லை. சில நூறு வீடுகளுக்கு ஒரே வாரத்தில் ஒவ்வொரு கெட்ட சந்திப்பு போய்ச் சேர்ந்தது. அந்த வாரக் கடைசியில் பிரிக்ஸ்டன் எரிந்தது. நீதிபதி ஸ்கார்மன் தலைமையில் விசாரணை நடந்து, அதன் தொடர்ச்சியாக 1984ல் போலீஸ் அதிகாரங்களை வரையறுக்கும் சட்டமே வந்தது.

இதே மக்களுக்குப் போலீஸ் தேவைப்பட்டபோது என்ன ஆனது என்பது இந்தக் கதையின் அடுத்த பாதி. 1993 ஏப்ரலில் ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் லண்டனில் பஸ் நிறுத்தத்தில் நிறவெறிக் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். கூடவே இருந்து உயிர் தப்பிய நண்பரைப் போலீஸ் பாதிக்கப்பட்டவராகவே நடத்தவில்லை. சந்தேக நபர்களின் பெயர்கள் சீக்கிரமே வந்து சேர்ந்தும் கைது தள்ளிப்போனது. 1999ல் மேக்ஃபர்சன் அறிக்கை இதை நிறுவனமாகவே ஊறிப்போன நிறவெறி என்று பெயர் சொல்லி எழுதி, 70 பரிந்துரைகளை வைத்தது. கொலைக்காக இரண்டு பேர் தண்டிக்கப்பட்டது 2012ல். தேவையில்லாதபோது அடிக்கடி நிறுத்துகிறார்கள், தேவைப்படும்போது வருவதில்லை. உலகத்தில் எங்கே ஒதுக்கப்பட்ட மக்களிடம் கேட்டாலும் இந்த இரட்டைக் குறைதான் வரும். போலீஸே வேண்டாம் என்பவர்கள் அவர்களில் குறைவு.

நம்பிக்கை உடைந்தால் போலீஸுக்கு நேரடி நஷ்டம் உண்டு. குற்றங்களைத் துப்புத் துலக்குவது பூதக்கண்ணாடி அல்ல, பார்த்த ஆள் வாயைத் திறப்பது. அந்த ஆள் கதவைச் சாத்திக்கொண்டால் எந்த ஆய்வுக்கூடமும் உதவாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2004ல் ஒரு கறுப்பின மனிதரைப் போலீஸ்காரர்கள் கூட்டமாக அடித்துச் சிதைத்த செய்தி வெளிவந்த பிறகு, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளிலிருந்து அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகள் ஓராண்டுக்கும் மேலாகச் சரிந்திருந்தன என்று 2016ல் ஒரு ஆய்வு வந்தது. பிறகு இன்னொரு ஆய்வாளர் அதே தரவை மறுபடி அலசி, இவ்வளவு பெரிய விளைவு அதில் தெரியவில்லை என்று மறுத்தார். எண்ணிக்கையில் சண்டை இருக்கலாம். சாட்சி சொல்ல ஆள் வராத வழக்கு என்ன ஆகும் என்பதில் எந்தத் துப்பறிவாளருக்கும் சந்தேகம் இருக்காது.

இதுவரை சொன்னதில் ஒரு அபாயம் உண்டு. எல்லாமே பேசும் விதத்தில்தான் இருக்கிறது, போலீஸ்காரருக்கு நாக்கைத் திருத்தினால் போதும் என்று தோன்றிவிடும். ஃபெர்குசன் அந்த நினைப்பைக் கலைக்கும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 21,000 பேர் வாழும் ஊர். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற பதினெட்டு வயது இளைஞரைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றதும் ஊர் கொதித்தது. மத்திய நீதித்துறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு 2015 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அந்த ஊர் நிர்வாகம் போலீஸை வசூல் வண்டியாக ஓட்டிக்கொண்டிருந்தது. இந்த ஆண்டு அபராதத்தில் இவ்வளவு வர வேண்டும் என்று பட்ஜெட்டிலேயே எழுதி, போலீஸ் தலைமையை நெருக்கினார்கள். 2013ஆம் ஆண்டில் மட்டும் அங்கே நீதிமன்றம் பிறப்பித்த பிடிவாரண்டுகள் 9,000க்கும் மேல். பெரும்பாலும் பார்க்கிங், போக்குவரத்து மாதிரியான சில்லறை விதிமீறல்களுக்கு.

அந்த அறிக்கையில் பெயர் சொல்லப்படாத ஒரு பெண் வருகிறார். 2007ல் ஒரு முறை காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலர், கட்டணம் தனி. அவர் வறுமையில் இருந்தவர், சில காலம் வீடும் இல்லை. நீதிமன்றத் தேதிகளைத் தவறவிட்டார், தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் புது அபராதம். இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். 2014 டிசம்பர் வரை 550 டாலர் கட்டியிருந்தார். அப்போதும் பாக்கி 541 டாலர். இவரைக் கைது செய்த போலீஸ்காரர் மிகப் பணிவாக, 'வணக்கம் அம்மா' என்று சொல்லியே கைது செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? போலீஸைப் பற்றிய அந்தப் பெண்ணின் முடிவு சரிதானே! நம்பாமல் இருப்பது மக்களிடம் உள்ள கோளாறு அல்ல, பல சமயம் அது சரியான கணிப்பு. நம்பத் தகுந்த விதத்தில் மாறாமல் நம்பிக்கையை மட்டும் கூட்ட முயல்வதற்கு விளம்பரம் என்று பெயர்.

லண்டன் மாதிரியைப் பற்றிப் பேசுகையில் அதன் உடன்பிறப்பை மறந்துவிடக் கூடாது. அதே பிரிட்டிஷ் அரசு 1836ல் அயர்லாந்துக்கு என்று ஒன்றிணைந்த இன்னொரு படையை அமைத்தது. அது துப்பாக்கி ஏந்தியது, பாசறைகளில் தங்கியது, சொந்த மாவட்டத்தில் யாரையும் வேலைக்குப் போடாதது. உள்ளூர்க்காரனுக்கு உறவு இருக்கும், உறவு இருந்தால் உத்தரவு தயங்கும் என்ற கணக்கு. காலனி நாடுகளுக்கு ஏற்றுமதியானது பெரும்பாலும் இந்த ஐரிஷ் மாதிரிதான். இந்தியாவின் 1861 போலீஸ் சட்டமும் அந்த வழியில் வந்தது. அப்படி அமைத்தவர்களுக்கே அந்தப் படையின் மேல் நம்பிக்கை இருக்கவில்லை. 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. அடித்து வாங்கியிருப்பார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரியும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. தொடர வேண்டியதுதான் என்பது என் எண்ணம். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டமே இவர்கள் எழுதிக் கொடுத்ததை நம்பாதே என்று சொல்லும்போது, தெருவில் போகிறவர் ஏன் நம்பவில்லை என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

தீர்வு என்று சொல்லப்படுபவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். நடந்தே போகும் ரோந்து: அமெரிக்காவின் நியூவார்க்கில் 1970களின் கடைசியில் சோதித்தபோது குற்றம் குறையவில்லை, ஆனால் மக்களின் பயம் குறைந்தது, போலீஸ் மேல் அபிப்பிராயம் உயர்ந்தது. கார் ரோந்து: கான்சஸ் சிட்டியில் 1972, 73ல் சில வட்டாரங்களில் நிறுத்தியும் சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கியும் பார்த்தார்கள். குற்றத்தில் மாற்றமில்லை, மக்கள் வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை. சட்டையில் மாட்டும் கேமரா: கலிஃபோர்னியாவின் ரியால்டோ என்ற சின்ன ஊரில் புகார்கள் சடசடவென்று விழுந்தன என்று பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்களை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2017ல் வந்தது. மாட்டியவருக்கும் மாட்டாதவருக்கும் கணக்கில் வித்தியாசமே தெரியவில்லை. கேமராவின் பதிவை யார் பார்க்கலாம், பார்த்தபின் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜப்பானின் கோபான் என்ற தெருமுனைக் காவல் கூடம் 1870களிலிருந்து இருக்கிறது. வழி கேட்கலாம், தொலைந்த பர்ஸைக் கொடுக்கலாம், வாங்கலாம். உலகமே மெச்சும் ஏற்பாடு. அதே நாட்டில் கைதான ஒருவரைக் குற்றச்சாட்டு பதியாமலே 23 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்க முடியும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தெருமுனையில் கிடைக்கும் நம்பிக்கை விசாரணை அறைக்குள் தானாக நுழைந்துவிடுவதில்லை.

மிகவும் யோசிக்க வைத்தது 2021ல் வெளியான ஒரு கூட்டு ஆய்வு. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் ஒரே சமயத்தில் சமூகக் காவல் முறையைச் சோதித்தார்கள். ஊர்க்கூட்டம் போடுவது, ரோந்தைக் கூட்டுவது, மக்கள் சொல்லும் பிரச்சினையைக் கேட்டுத் தீர்ப்பது என்று எல்லாம் உண்டு. நம்பிக்கை கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. காரணங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. திட்டத்தைத் தொடங்கிய அதிகாரி பாதியில் மாற்றலாகிப் போனார். வந்தவருக்கு அதில் அக்கறை இல்லை. வண்டிக்கு எரிபொருள் இல்லை. கூட்டத்தில் மக்கள் சொன்ன குறைகள் நோட்டில் ஏறின, அதற்கு மேல் ஏறவில்லை. கூப்பிட்டுக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆழமாகப் போன மாற்றம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் வட அயர்லாந்துக்குப் போக வேண்டும். பிரிட்டனோடு தொடர விரும்பிய புராட்டஸ்டண்டுகளுக்கும் அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கர்களுக்கும் இடையே பெரும்பாலும் நடந்த முப்பது ஆண்டு வன்முறையின்போது அங்கே இருந்த ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி என்ற படையில் கத்தோலிக்கர்கள் சுமார் 8 சதவீதம்தான். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு அதைப் போலப் பல மடங்கு. கத்தோலிக்கர்களில் பலருக்கு அது எதிரியின் படை. அதில் சேர்ந்த கத்தோலிக்கருக்குச் சொந்தத் தெருவிலேயே உயிர் பயம். 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு கிறிஸ் பேட்டன் தலைமையில் ஒரு ஆணையம் 1999ல் 175 பரிந்துரைகள் கொடுத்தது. பெயரையும் சின்னத்தையும் மாற்றினார்கள், 2001 நவம்பரில் புதிய படை வந்தது. பழைய படையில் முந்நூறு பேரை இழந்த குடும்பங்களுக்கு அந்தப் பெயர் மாற்றம் எவ்வளவு வலித்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்குப் புதிதாக எடுப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள், பாதிப் பேர் மற்றவர்கள் என்று சட்டமே போட்டார்கள். 2011ல் அந்த விதி முடிந்தபோது கத்தோலிக்கர் பங்கு 30 சதவீதத்தை ஒட்டி வந்திருந்தது.

என் கண்ணுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 2000ல் உருவான போலீஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம். போலீஸ் மேல் வரும் புகாரைப் போலீஸ் விசாரிக்காது. தனி அலுவலகம், தனி விசாரணையாளர்கள், ஆவணங்களை எடுக்கும் அதிகாரம். பழைய கொலைகளில் போலீஸின் பங்கைக்கூடத் தோண்டி அறிக்கைகள் வெளியிட்டது, அதற்காகத் திட்டும் வாங்கியது. கழுத்துப்பட்டி எண்ணின் கொள்ளுப்பேரன் என்று இதைச் சொல்லலாம். கூடவே, அரசியல் கட்சிகளும் தனிநபர்களும் சேர்ந்து உட்காரும் போலீஸ் வாரியம் ஒன்று. படையின் தலைவர் அதன் முன்னால் பொதுவில் வந்து பதில் சொல்ல வேண்டும். அயர்லாந்தோடு சேர வேண்டும் என்று கேட்கும், முதலில் ஒதுங்கி நின்ற ஷின் ஃபெய்ன் கட்சி 2007ல்தான் புதிய போலீஸை ஏற்றது. போலீஸ்காரர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று வைத்திருந்த தடையை அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுச் சங்கமான ஜி.ஏ.ஏ. 2001ல் நீக்கியிருந்தது.

2011 ஏப்ரல் 2ஆம் தேதி ஓமா என்ற ஊரில் இருபத்தைந்து வயதுக் கத்தோலிக்கக் காவலர் ஒருவர் வேலைக்குக் கிளம்பிக் காரில் ஏறினார். அடியில் வைத்திருந்த குண்டு வெடித்து இறந்தார். சமாதானத்தை ஏற்காத பிரிவினர் செய்தது. கத்தோலிக்கர்கள் போலீஸில் சேரக் கூடாது என்பதுதான் சொல்ல வந்த செய்தி. நான்கு நாள் கழித்து அவருடைய ஊரில் இறுதிச் சடங்கு நடந்தது. சவப்பெட்டியை ஜி.ஏ.ஏ. சங்கத்து இளைஞர்கள் தோளில் சுமந்து கொஞ்ச தூரம் வந்தார்கள். வழியில் யூனிஃபார்மில் காத்திருந்த போலீஸ்காரர்கள் அவர்கள் தோளிலிருந்து அதை மாற்றி வாங்கிக்கொண்டார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஊர் நின்றிருந்தது.